ஃபெராண்டி கம்பெனி: டெப்ட்ஃபோர்டு 10,000 வோல்ட் கேபிளும் ஹாலின்வுட் மீட்டரும்

ஈஈஈ_மூன்றாமாண்டு (இழை தொடக்கம்)

ஃபெராண்டி எஃபெக்ட் பற்றிப் பாடப் புத்தகத்தில் ஒரு பத்திதான் இருக்கிறது: நீளமான லைன், லோடு இல்லை, ரிசீவிங் எண்டில் (மின்சாரம் போய்ச் சேரும் முனையில்) வோல்டேஜ் ஏறும். அந்தப் பெயருக்குரியவர் ஒரு எலெக்ட்ரிக்கல் கம்பெனியையே நடத்தினார் என்று இப்போதுதான் தெரிந்தது. அந்தக் கம்பெனி என்ன செய்தது? 1890லேயே டெப்ட்ஃபோர்டிலிருந்து லண்டனுக்குள் 10,000 வோல்ட் நிலத்தடி கேபிள் எப்படிச் சாத்தியமானது? இன்னொரு சந்தேகம்: அந்தக் கேபிள் 7 மைல்தானாம். நம் 400 கேவி லைனில் 300 கிமீ போனால்தான் 5 சதவீதம் ஏறுகிறது. 7 மைலில் என்ன எஃபெக்ட் வந்திருக்க முடியும்?

---

பழையமீட்டர்

முதலில் கம்பெனி. செபாஸ்டியன் ஜியானி டி ஃபெராண்டி 1864ல் லிவர்பூலில் பிறந்தவர். சீமென்ஸின் சார்ல்ட்டன் தொழிற்சாலையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். 1882ல், 18 வயதில், ஆல்ஃப்ரட் தாம்ப்சன், வக்கீல் ஃபிரான்சிஸ் இன்ஸ் இருவரோடும் சேர்ந்து லண்டனில் ஃபெராண்டி, தாம்ப்சன் அண்ட் இன்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். முக்கியச் சரக்கு ஆல்டர்னேட்டர், அதாவது ஏசி ஜெனரேட்டர். வில்லியம் தாம்சனும் (பிற்கால லார்ட் கெல்வின்) அதே போன்ற ஆர்மேச்சருக்கு (மின்சாரம் உண்டாகும் சுருள் பாகம்) பேட்டன்ட் வைத்திருந்ததால் அவருக்கு ராயல்டி கொடுத்து "ஃபெராண்டி-தாம்சன் மெஷின்" என்று விற்றார்கள். தாம்ப்சன் வேறு, தாம்சன் வேறு. நிறையக் கட்டுரைகளில் இரண்டு பேரையும் ஒருவராக்கிவிடுகிறார்கள்.

அந்த மெஷினின் விசேஷம் ஆர்மேச்சரில் இரும்பே கிடையாது என்பதுதான். தாமிரப் பட்டையை வளைந்து வளைந்து அலை மாதிரி ஒரு வட்டமாகச் சுற்றி, இரண்டு பக்கமும் எதிரெதிர் துருவங்கள் வரிசையாக நிற்கும் குறுகிய இடைவெளியில் ஓடவிடுவார்கள். சுழலும் பாகம் எடை குறைவு, அதனால் வேகமாக ஓட்டலாம். ஆர்மேச்சர் இரும்பு இல்லாததால் அதில் எடி கரண்ட் (உலோகத்துக்குள்ளேயே சுழலும் வீண் கரண்ட்) சூடும் இல்லை. தொல்லை எங்கே என்றால், தாமிரப் பட்டையைப் பிடித்து நிறுத்துவதில். மையவிலக்கு விசையை இரும்புப் பல்லுக்குப் பதில் பட்டையும் அதன் பிடிமானமுமே தாங்கியாக வேண்டும்.

கம்பெனி அதிக நாள் ஓடவில்லை. 1885ல் சொந்தப் பெயரில் மறுபடி தொடங்கினார். அப்போதுதான் குரோவ்னர் கேலரி வேலை வந்தது.

---

ரிலே_ராஜா

குரோவ்னரை விட்டுவிட்டு டெப்ட்ஃபோர்டுக்குத் தாவினால் கதை புரியாது, நான் சேர்க்கிறேன்.

லண்டன் நியூ பாண்ட் தெருவில் சர் கூட்ஸ் லிண்ட்சேயின் ஓவியக் கூடம் அது. சொந்த விளக்குக்காகப் போட்ட பிளான்ட், அக்கம்பக்கத்தார் கேட்கக் கேட்க வளர்ந்தது. விநியோகம் கோலார்-கிப்ஸ் முறையில்: எல்லா ட்ரான்ஸ்ஃபார்மரின் ப்ரைமரியும் (லைன் பக்கச் சுருள்) சீரீஸில். இதில் கோளாறு எப்படி வரும் என்று பாருங்கள். லைனில் கரண்ட் மாறாது என்று வைத்துக்கொண்டால், ஒரு வீட்டில் விளக்கை அணைத்ததும் அந்த ட்ரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி (வீட்டுப் பக்கச் சுருள்) ஆம்பியர்-டர்ன், அதாவது கரண்ட் × சுற்று எண்ணிக்கை, குறைகிறது. ப்ரைமரி ஆம்பியர்-டர்ன் அப்படியே இருக்கும், அதனால் ஃப்ளக்ஸ் (காந்தப் பாய்வு) ஏறும், மிச்ச விளக்குகளுக்கு வோல்டேஜ் ஏறும். முழுவதும் அணைத்தால் அது லைனில் ஒரு பெரிய சோக் காயில்தான், மற்ற வீடுகளில் வெளிச்சம் குறையும். இதைச் சமாளிக்க ஆள் நின்று சுருளுக்குள் இருக்கும் இரும்பு 'கோர்'ஐ இழுத்து நகர்த்த வேண்டியிருந்தது.

ஃபெராண்டி 1886 தொடக்கத்தில், 21 வயதில், அங்கே தலைமை இஞ்சினியர் ஆனார். எல்லாவற்றையும் பேரலலாக மாற்றினார், 2,400 வோல்ட். தன் கம்பெனியின் ஆல்டர்னேட்டரும் ட்ரான்ஸ்ஃபார்மரும் வைத்தார். ட்ரான்ஸ்ஃபார்மர் கோர் மெல்லிய இரும்புப் பட்டைகளின் கட்டு. அதைக் காயிலின் நடுவே நுழைத்து, இரண்டு முனையையும் வெளிப்பக்கமாக மடித்து, ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி முடிப்பார்கள். கோர் மூடிய வளையமாகிவிடுகிறது, மேக்னடைசிங் கரண்ட் குறைகிறது. புடாபெஸ்டின் கான்ஸ் கம்பெனியும் 1885ல் மூடிய கோர், பேரலல் இணைப்பு என்றுதான் வந்து நின்றது. யார் முதலில் என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

கம்பிகள் கூரைகளுக்கு மேலே போயின. 1887ல் லண்டன் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்று பெரிய கம்பெனியாக்கினார்கள், முதல் 10 லட்சம் பவுண்ட். நகரத்துக்கு வெளியே தேம்ஸ் கரையில் டெப்ட்ஃபோர்டில் ஸ்டேஷன்: நிலம் மலிவு, நிலக்கரி படகிலேயே வரும், கண்டென்சருக்கு ஆற்று நீர். ஒரே குறை தூரம். அதற்குத்தான் 10,000 வோல்ட்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சப்ளை கார்ப்பரேஷன் வேறு, ஃபெராண்டியின் தயாரிப்புக் கம்பெனி வேறு. முதலாவதற்கு அவர் இஞ்சினியர்.

---

கேபிள்காரர்

கேபிள் என் ஏரியா.

10,000 வோல்ட்டுக்குக் கடையில் வாங்கக் கேபிள் இல்லாத காலம், தானே செய்தார். வளையும் கேபிள் என்று நினைக்க வேண்டாம், 20 அடி நீளக் கெட்டிக் குழாய்கள். உள்ளே தாமிரக் குழாய், வெளி விட்டம் 13/16 அங்குலம். அதன் மேல் மெழுகில் ஊறவைத்த பழுப்புக் காகிதம் அரை அங்குலக் கனத்துக்கு இறுக்கிச் சுற்றியது. அதற்கு மேல் இரண்டாவது தாமிரக் குழாய், அதுதான் ரிட்டர்ன். மறுபடி கொஞ்சம் காகிதம், கடைசியில் இரும்புக் குழாய். வெளித் தாமிரம் எர்த்.

உள் கண்டக்டரின் குறுக்குப் பரப்பு சுமார் கால் சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 1,000 ஆம்பியர் என்ற அன்றைய வழக்கப்படி 250 ஆம்பியர், அதாவது 10,000 வோல்ட்டில் ஒரு மெயினுக்கு 2,500 கிலோவாட். அதையே 100 வோல்ட் டிசியில் அனுப்ப 25,000 ஆம்பியர் வேண்டும். 7 மைலுக்கு அவ்வளவு தாமிரம் புதைக்க யாராலும் முடியாது.

மின் அழுத்தச் செறிவையும் போட்டுப் பாருங்கள். உள் ஆரம் 10.3 மிமீ, காகிதத்தின் வெளி ஆரம் 23 மிமீ, விகிதத்தின் லாக் 0.80. உள் கண்டக்டர் மேல் 10 ÷ (10.3 × 0.80) = மிமீக்கு 1.2 கேவி. பின்னாளில் காகித கேபிள்கள் இதைப் போலப் பல மடங்கு தாங்கின. மெழுகுக்கு ஒரு கெட்ட குணம், ஆறும்போது சுருங்கிக் காகித அடுக்குகளுக்கு நடுவே வெற்றிடம் விடும். அழுத்தம் அதிகமாக இருந்தால் அந்த வெற்றிடத்தில் டிஸ்சார்ஜ் ஆகிக் காகிதம் மெல்லக் கருகும். 1.2 என்ற தாராளமான கணக்குதான் இவற்றைக் காப்பாற்றியது என்பது என் கருத்து. சில துண்டுகள் 1933 வரை வேலையில் இருந்தன.

---

ஈஈஈ_மூன்றாமாண்டு

20 அடிக்கு ஒரு ஜாயிண்ட் என்றால் எத்தனை ஜாயிண்ட் சார்? அது தாங்குமா?

---

கேபிள்காரர்

மைலுக்கு 5,280 அடி, 264 துண்டு. 7 மைலுக்கு 1,850 சுற்றி. நாலு மெயின், ஆக ஏழாயிரத்துக்கு மேல். அதனால் ஜாயிண்ட்தான் இந்தக் கேபிளின் உயிர்.

ஒரு துண்டின் முனையில் காகித இன்சுலேஷனைக் கடைசலில் கூம்பாகச் சீவுவார்கள். அடுத்த துண்டின் முனையில் அதற்குப் பொருந்தும் கூம்புக் குழி. உள் குழாய்களை இணைக்க நடுவே ஒரு தாமிரத் தண்டு, இரண்டு பக்கமும் இறுக்கமாக ஏறும். பிறகு இரண்டு துண்டையும் பெரிய விசையோடு ஒன்றுக்குள் ஒன்று அழுத்தி, வெளித் தாமிரத்தின் மேல் ஒரு தாமிர உறையைத் தள்ளி நெளித்துப் பிடிக்க வைப்பார்கள்.

ஏன் கூம்பு? நேராக வெட்டி முட்ட வைத்தால் உள் தாமிரத்திலிருந்து வெளித் தாமிரத்துக்கு அரை அங்குலம்தான் தூரம், அதுவும் வெறும் வெட்டு முகத்தின் வழியாக. கூம்பில் அந்தப் பாதை சரிவாகப் பல மடங்கு நீளும். இன்றைக்கு நாம் போடும் காகித கேபிள் ஜாயிண்ட்டில் பென்சில் சீவுவது போலச் சீவுகிறோமே, காரணம் இதேதான். தப்புவது இரண்டு இடத்தில்: கூம்பும் குழியும் ஒட்டாமல் காற்றுப் படலம் தங்கினால் அதில் டிஸ்சார்ஜ். ஈரம் புகுந்தால் காகிதம் கடத்த ஆரம்பித்துக் கோடு போட்டுக் கருகும். சீவின முகத்தைக் கையால் தொட்டு வேர்வை படவைப்பதும் இரண்டாவது ரகம்தான்.

பாதை ரயில்வே ஓரமாக. தெருவைத் தோண்டும் அனுமதிச் சண்டையைத் தவிர்க்க ரயில் பாலங்கள் வழியாகவே ஆற்றைத் தாண்டினார்கள். அதிகாரிகளுக்குப் பயம் போக ஒரு சோதனையும் நடந்தது: கரண்ட் ஓடும் கேபிளில் உளியை அடித்து இறக்கிக் காட்டினார்கள். உளியைப் பிடித்திருந்தவர் உதவியாளர் ஹெரால்ட் கோல். உளி முதலில் எர்த் ஆன வெளித் தாமிரத்தில் தொட்டு, பிறகுதான் உள்ளே போகும். ஷார்ட் ஆகி ஃப்யூஸ் போகும், பிடித்தவருக்கு ஒன்றும் ஆகாது. கோஆக்சியல் (ஒரு கண்டக்டருக்குள் இன்னொன்று) அமைப்பின் மொத்த நியாயமும் அந்த ஒரு அடியில் இருக்கிறது. (யாரும் செய்து பார்க்க வேண்டாம். கேபிளில் கரண்ட் இல்லை என்று உறுதி செய்ய ஆணி அடிக்கும் நம் ஸ்பைக்கிங் துப்பாக்கியைத் தூரத்தில் நின்றுதான் இயக்குகிறோம்.)

---

ரிலே_ராஜா

இப்போது தம்பியின் அசல் கேள்வி. சந்தேகம் நியாயமானது. பாடப் புத்தக விளக்கத்தை டெப்ட்ஃபோர்டுக்குப் போட்டால் விடை வராது.

கேபிள்காரர் கொடுத்த அளவுகளையே எடுக்கிறேன். மெழுகுக் காகிதத்தின் பெர்மிட்டிவிட்டி 3 என்று வைத்தால் கெபாசிட்டன்ஸ் (கேபிள் மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு) கிமீக்கு 0.21 மைக்ரோஃபாரட். 11.3 கிமீக்கு 2.35. டெப்ட்ஃபோர்டு ஃப்ரீக்வென்சி 83⅓ ஹெர்ட்ஸ். லோடு இல்லாதபோதும் கேபிள் இழுக்கும் சார்ஜிங் கரண்ட் = 523.6 × 2.35 × 10⁻⁶ × 10,000 = 12.3 ஆம்பியர். 123 கேவிஏஆர் (ரியாக்டிவ் பவர்).

கேபிளின் சொந்த இண்டக்டன்ஸ் கோஆக்சியல் என்பதால் ரொம்பக் குறைவு, மொத்தம் 2 மில்லிஹென்றி சுற்றி, ரியாக்டன்ஸ் 1 ஓம். சார்ஜிங் கரண்ட் வழி நெடுகக் குறைந்துகொண்டே போவதால் பாதியைத்தான் எடுக்க வேண்டும்: 12.3 × 0.5 = 6 வோல்ட். பத்தாயிரத்தில் ஆறு! கண்ணுக்கே தெரியாது.

ஆனால் மெயினை இணைத்ததும் வோல்டேஜ் ஏறியது உண்மை. ஏற்றியது எது? கேபிளுக்கு முன்னால் இருந்தவை, அதாவது ஸ்டெப்-அப் ட்ரான்ஸ்ஃபார்மரின் லீக்கேஜ் ரியாக்டன்ஸும் ஜெனரேட்டரும். லீடிங் கரண்ட் (வோல்டேஜுக்கு முந்தி ஓடும் சார்ஜிங் கரண்ட்) ஒரு சீரீஸ் ரியாக்டன்ஸ் வழியாகப் போனால் வோல்டேஜ் குறையாமல் கூடும். உதாரணத்துக்கு 10,000 வோல்ட் பக்கம் பார்க்கும் மொத்த ரியாக்டன்ஸ் 50 ஓம் என்று நானாக வைத்துக்கொள்கிறேன். ஒரு மெயின் போட்டால் 1 ÷ (1 − 0.0615), ஆறரை சதவீத ஏற்றம். அதே ட்ரான்ஸ்ஃபார்மரில் இரண்டாவது மெயினையும் போட்டால் 14 சதவீதம். கேபிள் சேர்க்கச் சேர்க்க விளக்கு பிரகாசமாகிறது! கேபிள் போட்டால் டிராப் வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்? ஜே. ஏ. ஃபிளெமிங் இதை ஆராய்ந்து 1891ல் மின் பொறியாளர் சங்கத்தில் கட்டுரை படித்தார்.

---

ஈஈஈ_மூன்றாமாண்டு

அப்போ புத்தகத்தில் இருப்பது தப்பா சார்?

---

ரிலே_ராஜா

தப்பில்லை, பாதி. 400 கேவி, 300 கிமீ: அலையின் கட்டம் 100 கிமீக்கு 6 டிகிரி மாறும், மொத்தம் 18 டிகிரி. 1 ÷ காஸ் 18 = 1.05. இது லைனுக்குள் வரும் ஏற்றம், சென்டிங் எண்ட் வோல்டேஜ் அசையாது என்ற அனுமானத்தில். நிஜத்தில் சென்டிங் எண்டும் ஏறும். அதற்குக் கையடக்கக் கணக்கு: லைனின் சார்ஜிங் எம்விஏஆர் ÷ அந்த பஸ்ஸின் (லைன் புறப்படும் இடம்) ஃபால்ட் லெவல், அதாவது ஷார்ட் ஆனால் அங்கே பாயக்கூடிய எம்விஏ. 300 கிமீ லைன் சுமார் 165 எம்விஏஆர். ஃபால்ட் லெவல் 3,000 எம்விஏ என்றால் இன்னொரு ஐந்தரை சதவீதம். இரண்டும் சேர்ந்து தூர முனையில் 11 சதவீதத்தை நெருங்கும். அதனால்தான் வீக் சோர்ஸிலிருந்து லைனைச் சார்ஜ் செய்யும்போது ஷண்ட் ரியாக்டர் (சார்ஜிங் எம்விஏஆரை விழுங்கும் காயில்) உள்ளே இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது. ப்ளாக் ஸ்டார்ட்டில் (முழு மின்தடைக்குப் பின் மறுபடி உயிர்ப்பிக்கும்போது) இதை மறந்தால் ஓவர்வோல்டேஜ் ரிலேயே லைனைத் திறந்துவிடும்.

---

தெற்குமாசி

எல்லாம் சரி. ஆனால் டெப்ட்ஃபோர்டு வியாபாரமாகத் தோற்றது, அதை யாரும் சொல்லக் காணோம். 1888 மின்விளக்குச் சட்டத்துக்குப் பிறகு 1889ல் மேஜர் மாரிண்டின் என்ற அரசு அதிகாரி நடத்திய விசாரணையில் சப்ளை ஏரியாவை வெட்டிக் குறைத்தார்கள். ஃபெராண்டி வரைந்த 10,000 குதிரைசக்தி மெஷின்கள் முடியவே இல்லை, 1,250 குதிரைசக்தி மெஷின்களோடுதான் ஓட்டினார்கள். அதே நேரம் டிசி தரப்பு இஞ்சினியர் கிராம்ப்டன் லண்டன் கென்சிங்டனில் டிசி, பேட்டரி, சின்ன ஸ்டேஷன் என்று வாடிக்கையாளர் வாசலிலேயே ஓட்டினார். விளக்கு லோடு மாலை நாலைந்து மணி நேரம்தான். மிச்ச நேரம் கிராம்ப்டன் இஞ்சினை நிறுத்திவிட்டு பேட்டரியில் விடலாம். ஃபெராண்டியால் முடியாது: லோடே இல்லாவிட்டாலும் பாய்லர் சூடாக இருக்க வேண்டும், ஊர் முழுக்க ட்ரான்ஸ்ஃபார்மர்களின் கோர் லாஸ் (இரும்பில் சூடாக வீணாகும் மின்சாரம்) 24 மணி நேரமும் ஓடும். அன்றைய கணக்கில் கிராம்ப்டன்தான் சரி.

---

ரிலே_ராஜா

1890க்கு நீங்கள் சொல்வது சரி, மறுக்கவில்லை. தூரம் போக ஏசிதான் வழி என்பது அப்போதே தெரியும். தூரம் போகிற அளவுக்கு லோடு இல்லை, அவ்வளவுதான். மோட்டார் லோடு பகலை நிரப்பிய பிறகு கணக்கு புரண்டது.

ஆனால் 1890ல் அடித்தது கணக்கு மட்டுமில்லை. நவம்பர் 15 அன்று, டெப்ட்ஃபோர்டிலிருந்து 10,000 வோல்ட்டை வாங்கி 2,400க்கு இறக்கும் சப்ஸ்டேஷனாக மாறியிருந்த குரோவ்னரில் தீ. ஸ்விட்ச்சிங் வேலையில் எழுந்த ஆர்க் அணையவில்லை, கட்டடத்தைப் பிடித்துவிட்டது. காற்றில் மெதுவாகப் பிரிக்கும் காண்டாக்ட், சுற்றிலும் மரம். 83 ஹெர்ட்ஸில் 6 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை கரண்ட் பூஜ்யம் ஆகும், ஆனால் சூடான காற்று அதற்குள் ஆறாது, மறுபடி பற்றும். மேலே எழும் வெப்பம் ஆர்க்கையும் நீட்டிக்கொண்டே போகும். மாதக்கணக்கில் சப்ளை நின்றது, வாடிக்கையாளர் போனார்கள். 1891ல் ஃபெராண்டியும் வெளியேறினார்.

அதற்கப்புறம் அவர் கம்பெனி கொண்டுவந்த சரக்கைப் பாருங்கள்: எண்ணெய் ஃப்யூஸ். ஃப்யூஸ் கம்பியை ஸ்பிரிங் இழுத்துப் பிடித்திருக்கும். உருகியதும் ஸ்பிரிங் முனையை எண்ணெய்க்குள் இழுக்கும். ஆர்க் நீளமும் ஆகிறது, குளிர்ந்தும் போகிறது. தீயிலிருந்து படித்த பாடம் என்று நேரடி ஆதாரம் காட்ட என்னிடம் இல்லை, பொறியியல் தர்க்கம் அப்படித்தான் போகிறது.

---

பழையமீட்டர்

தயாரிப்புக் கம்பெனிக்கு வருவோம். 1890களின் பிற்பாதியில் லண்டனிலிருந்து லங்காஷைரில் ஓல்டாம் அருகே ஹாலின்வுட்டுக்கு இடம் மாறினார்கள். அங்கே ஃபெராண்டியின் ஆசை பெரிய நீராவி இஞ்சினும் ஆல்டர்னேட்டரும் ஒரே செட்டாகச் செய்வது. நேரம் சரியில்லை. பார்சன்ஸின் நீராவி டர்பைன் வந்துவிட்டது, ஒவ்வொரு செட்டும் தனி வடிவமைப்பு, பணம் முடங்கியது. 1903ல் கடன்காரர்கள் சார்பில் நிர்வகிக்கும் ரிசீவர் கையில் போனது. 1905ல் ஃபெராண்டி லிமிடெட் என்று புதிதாக அமைத்தபோது இஞ்சின் வேலையை விட்டுவிட்டு மீட்டர், ட்ரான்ஸ்ஃபார்மர், ஸ்விட்ச்கியர் என்று சுருங்கினார்கள். நிர்வாகத்தில் நிறுவனருக்கே அதிகாரம் இல்லை. கம்பெனி பிழைத்ததே அவரை ஓரம் கட்டியதால்தான் என்று சொன்னால் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், ஆனாலும் சொல்கிறேன். அவர் 1910ல் மின் பொறியாளர் சங்கத் தலைவராகி, நிலக்கரியை வீட்டில் எரிக்காமல் எல்லாவற்றுக்கும் மின்சாரம் என்று பேசினார். 1930ல் இறந்தார். 1951ல் மான்செஸ்டர் பல்கலைக்குக் கொடுத்த ஃபெராண்டி மார்க் 1 கணினி, 1987ல் வாங்கிய அமெரிக்கக் கம்பெனியின் மோசடியால் 1993ல் வந்த முடிவு எல்லாம் வேறு இழைக்கான சமாசாரம்.

கம்பெனிக்குச் சோறு போட்டது மீட்டர்தான். ஆரம்ப காலப் பாதரச மீட்டர் அழகான வேலை. ஆழமில்லாத வட்டக் கிண்ணத்தில் பாதரசம். கரண்ட் நடுவிலிருந்து விளிம்புக்கு ஆரவழியே பாயும். மேலிருந்து கீழாகக் காந்தப் புலம், அதே கரண்ட் ஓடும் காயிலிலிருந்து. பாதரசமே சுழலும். அதில் முங்கிய சின்னத் துடுப்பு எண்ணும் பற்சக்கரத்தை ஓட்டும்.

நேர்விகிதம் எங்கிருந்து வருகிறது? புலமும் கரண்ட்டைப் பொறுத்தது, ஆகவே திருப்புவிசை கரண்ட்டின் வர்க்கம். திரவ உராய்வு வேகத்தின் வர்க்கம். இரண்டு வர்க்கமும் ஈடுகட்ட, வேகம் கரண்ட்டுக்கு நேர்விகிதம்! பிரேக் காந்தம் தேவையில்லை.

---

ஈஈஈ_மூன்றாமாண்டு

சின்ன லோடில்? கரண்ட் பத்தில் ஒன்று ஆனால் விசை நூறில் ஒன்றாகிவிடுமே.

---

பழையமீட்டர்

சரியாகப் பிடித்தீர்கள் தம்பி. அதுதான் அதன் பலவீனம். பற்சக்கரத்தின் உலர் உராய்வு வேகத்தோடு குறையாது, அதனால் ஒற்றை விளக்குக்கு மீட்டர் நின்றே போகும். கோரில் மிஞ்சும் காந்தம் கொஞ்சம் கை கொடுக்கும். பிற்காலப் பாதரச மீட்டர்களில் நிலைக்காந்தம் வைத்தார்கள். விசை கரண்ட்டுக்கு நேர்விகிதம் ஆகிவிட்டது, ஆனால் திரவ உராய்வு வர்க்கமாகவே இருப்பதால் பெரிய லோடில் மீட்டர் பின்தங்கும். அதனால் பாதரசத்தில் மிதக்கும் தாமிரத் தகட்டைச் சுழலவிட்டு, அதன் எடி கரண்ட் பிரேக்கையே பிரதானமாக்கினார்கள். எடி பிரேக் வேகத்துக்கு நேர்விகிதம் என்பதால் கணக்கு மறுபடி ஒத்துப்போகும்.

இவை ஆம்பியர்-அவர் மீட்டர்கள், அதாவது கரண்ட் × நேரத்தை மட்டும் எண்ணுபவை, வோல்டேஜைப் பார்க்காதவை. டயலில் யூனிட் என்று எழுதியிருந்தாலும் அது ஒரு குறிப்பிட்ட வோல்டேஜுக்கு அளவிட்டது. சப்ளை 220க்குப் பதில் 200 இருந்தால் 10 சதவீதம் வாடிக்கையாளர் தலையில்.

பழைய சாமான் கடையில் இப்படி ஒன்று கிடைத்தால்: நிமிர்ந்த நிலையிலேயே எடுங்கள், கவிழ்க்க வேண்டாம், அறையின் சீலைத் திறக்க வேண்டாம். ஆடினால் உள்ளே கனமாகத் தளும்பும், அப்படித் தளும்பினால் பாதரசம் இன்னும் இருக்கிறது. மேல் பரப்பில் கறுப்பு ஆடை படிந்திருந்தால் உராய்வு ஏறி மீட்டர் குறைவாகக் காட்டும். அதைச் சுத்தம் செய்கிறேன் என்று வீட்டில் கொட்டினால் ஆவி மூச்சோடு போகும். கீழே சிந்திய துளியைத் துடைப்பத்தால் கூட்டக் கூடாது, சிதறிப் பெருகும். கனமான தாளால் ஒன்றுசேர்த்து மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் எடுத்து, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.